கூம்பு

எண்பத்திரண்டாம் இலக்க டிராமை
ஃபுட்ஸ்கிரேயிலிருந்து ஓட்டிய கடைசிக் குளிர்காலத்தில்
சிவப்பு விளக்கு எனக்கு ஒன்றல்ல.
ஒன்றின் கீழ் ஒன்றாய், வாலோடு,
ஏழு.
ஏழும் பச்சையானால்தான் நகர்வேன்.
பின்னால் கார்க்காரன் ஹார்ன் அடிப்பான்.
நிதானமான டிரைவர் என்று
டிப்போவில் பெயரெடுத்தது அப்படித்தான்.

நிலாவைப் பற்றிக் கேட்காதீர்கள்.
மாரிபிர்னாங் ஆற்றுக்கு மேல்
நுங்குக் குலையாய்த் தொங்கும்.

கண்ணாடி மாற்றினேன், மூன்று முறை.
மூன்றாம் முறை, பார்க்லி வீதிக் கடையில்
துய் என்ற பெண்
கீழே பார்க்கச் சொன்னாள்.
என் கீழிமை ஆங்கில வி எழுத்தாய்ப் புடைத்ததாம்.
பேசிக்கொண்டிருந்தவள் பேச்சை நிறுத்தினாள்.

கறுப்பும் வெள்ளையுமாய் வளையங்கள் கொண்ட கிண்ணத்துக்குள்
முகத்தைக் கொடுத்தேன்.
திரையில் வரைபடம் வந்தது.
ஓரத்தில் நீலம், உள்ளே பச்சை, மஞ்சள்,
நடுவுக்குச் சற்றுக் கீழே சிவப்பு.
ஜனவரிச் செய்தியில் காட்டுவார்களே,
தீ எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்று,
அது.
கெரட்டோகோனஸ் என்று எழுதிக் கொடுத்தாள்.
அந்தச் சொல்லும் ஏழாகத்தான் தெரிந்தது.

தமிழில் கூம்பு.
சாலை வேலைக்காரர்கள் வைப்பதும் கூம்பு,
பழந்தமிழில் பாய்மரமும் கூம்பு,
மாலையில் தாமரை மூடிக்கொள்வது கூம்புதல்.
நீ எந்தக் கூம்பு என்று கேட்டேன் கண்ணை.
உருண்டிருக்க வேண்டியது மெலிந்து
முன்னே துருத்தி நிற்கிறது.
உள்ளே வெளிச்சம் ஒடுங்குகிறது.
இரண்டும்தான் போல.

இரவில் எழுத்தைப் பெரிதாக்கிப் படித்தேன்.
கிட்டத்தட்ட இருநூற்றெழுபது வருஷத்துக்கு முன்பே
ஒருவர் இதைக் கண்டு எழுதிவைத்திருக்கிறார்.
அப்புறம் நூறு வருஷம் போல
வேறு நோய்களோடு சேர்த்துக் குழப்பினார்கள்.
காரம் வைத்துச் சுட்டார்கள்.
இறுக்கிக் கட்டினார்கள்.
வாந்தி மருந்துகூடக் கொடுத்தார்கள்;
வயிறு காலியானது, கண் அசையவில்லை.
பிறகு ஊதிச் செய்த கண்ணாடி ஓடு.
பிறகு, இறந்தவர் விட்டுப்போன வட்டம்,
மயிரிழை நூலில் தைத்து.
ஏன் வருகிறது என்ற இடத்தில் மட்டும்
இன்றைக்கும் எல்லாருக்கும் பேனா தயங்குகிறது.
பரம்பரையாக இருக்கலாம்.
ஒவ்வாமையாக இருக்கலாம்.
கசக்குவதால் இருக்கலாம்.

கசக்குவது!
நவம்பரில் வடக்கத்திக் காற்று புல்லின் மகரந்தத்தைக் கொண்டுவரும்.
இருபது வருஷம், இந்த இரண்டு விரல்முட்டிகளால்
என்ன சுகமாய்க் கசக்கியிருக்கிறேன்.
அதுபோல் ஒரு சுகம்
சோற்றில்கூட இல்லை.

டிராம் சாவியை நானே திருப்பிக் கொடுத்தேன்.
இப்போது டிப்போவில் முறைப்பட்டியல் போடுகிறேன்,
காலையில் உப்புநீர் நிரப்பிய லென்ஸைக்
குனிந்து, கிண்ணத்தில் முகம் கழுவுவதுபோல்
ஏற்றிக்கொண்டு.

போன மாதம் மகன் நிமலன்
ஃபுட்டி பார்த்தபடியே கண்ணைத் தேய்த்தான்.
கையை எடு என்று நான் போட்ட சத்தத்தில்
பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.
அவன் வரைபடத்தில் ஒரே ஒரு மஞ்சள் பொட்டு.
இன்னும் தீ இல்லை.

கண் காது மருத்துவமனையில்
மஞ்சள் சொட்டு விட்டு, ஊதா வெளிச்சம் காட்டினார்கள்.
தயிரில் இருக்கிற சத்துதானாம் அது.
நாருக்கும் நாருக்கும் முடிச்சுப் போடும்.
போனது வராது, போவது நிற்கும்.
எனக்கு இருபது வயதானபோது
ஜெர்மனியில் இதைப் பன்றிக் கண்ணில்
சோதித்துக்கொண்டிருந்தார்கள்.
பன்றிகள்மேல் பொறாமைப்பட்டது
அன்றுதான் முதல்முறை.

திரும்பி வரும்போது இரவு, அதே எண்பத்திரண்டு.
ஒரு கண்ணில் கட்டோடு அவன்
என் தோளில் தூங்கிப்போனான்.
சந்திப்பில் விளக்கு பச்சையானது.
டிராம் நகரவில்லை.
பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள்.
இன்னும் நகரவில்லை.

அவன் தலையை மெல்லச் சாய்த்துவைத்துவிட்டு
எழுந்து
ஓட்டுநர் அறைப் பக்கம் போனேன்.